டெஸ்டர் அக்காவும் ஆயிரமாவது நாளும்

அந்த எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் கம்பெனியில் வேலை பார்த்த நூற்றுப் பதினான்கு பேரும் முதலாளிகள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். பழைய முதலாளிக்கு வயதாகி, அவர் மகனுக்கு ஒயரும் சுவிட்சும் பிடிக்காமல் போனபோது, வெளியாளுக்கு விற்காமல் வேலை செய்தவர்களுக்கே பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார். ஆளுக்கொரு பங்குப் பத்திரம் கைக்கு வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத வீடு இல்லை. நேற்று வரை சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தவன் மறுநாள் காலையில் சட்டையைப் பேண்டுக்குள் விட்டுக்கொண்டு வந்து நின்றான். துளை போடவேண்டிய சுவர் அப்படியே நின்றது.

டெஸ்டர் அக்காவும் ஒரு முதலாளிதான். அவளுடைய பத்திரம் அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் கிடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை போர்வையை வெயிலில் போட எடுக்கும்போது அது கண்ணில் படும். “இதோ இருக்காரு முதலாளி,” என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே தள்ளிவிடுவாள்.

டெஸ்டர் என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் கிடையாது. பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், ஃபோர்மேன் ஒருவர் கீழே நின்றுகொண்டு, “லைனை ஆஃப் பண்ணியாச்சு, தைரியமா தொடும்மா,” என்றார். தொட்டாள். கரண்ட் ஏணியிலிருந்து தூக்கி எறிந்ததில் இடது தோள் மூட்டு விலகியது. கட்டைவிரல் நுனியில் சதை கருகி ஒரு பள்ளம் விழுந்தது. ஃபோர்மேன் அணைத்தது பக்கத்து அறை லைன். “சின்னத் தப்புதாம்மா,” என்று அவர் தலையைச் சொறிந்தார். தொட்டது அவர் விரல் இல்லையே, தப்பு சின்னதாகத்தான் தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் அவள் எதையும் தொட்டதில்லை. முனையை வைத்தால், கரண்ட் இருந்தால் பிடிக்குள் சிவப்பாக எரியும் அந்தச் சின்ன ஸ்க்ரூடிரைவர் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். டீ குடித்துவிட்டு வந்தால் ஒரு தடவை. தும்மிவிட்டுத் திரும்பினால் ஒரு தடவை. கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களில் இரண்டு பேருக்கு விரல் குறைவு. அவள் அதையும் சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை. கருகிய விரலுக்குக் காரணமான அந்த ஃபோர்மேன்தான் இன்றைக்குக் கம்பெனித் தலைவர். முதலாளிகள் எல்லோரும் கை தூக்கி ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஏகமனது என்பதில் அக்காவின் மனது சேரவில்லை.

இப்படி ஒரு கம்பெனி இருந்தால் அதற்கு ஒரு செய்தி மடல் இல்லாமல் இருக்குமா? ‘நமது ஒளி’ என்று பெயர். மாதம் ஒரு தடவை, வழவழப்பான தாளில், எட்டுப் பக்கம். இன்னாருக்குப் பிறந்தநாள். இன்னார் ஐந்து வருஷம் முடித்தார். இன்னார் ஏணியில் ஏறுவது எப்படி என்ற ஒருநாள் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தார். பதினெட்டு வருஷமாக ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிற மனுஷன், கையில் சான்றிதழோடு பல்லை இளித்துக்கொண்டு நிற்கும் படம். இன்னார் வீட்டு நாய் ஆறு குட்டி போட்டது. ஒரு மாதம் அதுவும் வந்தது, சத்தியமாக.

இதையெல்லாம் எழுதியவனை மடல்காரன் என்று கூப்பிட்டார்கள். ஒயரிங் பைப்பை வளைக்கச் சொன்னால் உடைத்துக் கொடுப்பான். எந்த சைட்டிலும் அவனை வைத்துச் சமாளிக்க முடியாமல் ஆபீஸில் உட்கார வைத்தார்கள். காலையில் யார் யார் எந்த வேலைக்குப் போவது என்று பதிவேட்டில் எழுதுவது, வாசலில் இருக்கும் நாள் போர்டில் நம்பரை மாற்றுவது, பாக்கி நேரத்தில் மடல். கழுத்தில் கேமரா இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது. அக்கா இருபத்தைந்து வருஷம் முடித்தபோது, “என் படத்தைப் போட்டே, உன் கேமராவுக்கு எர்த் குடுத்துடுவேன்,” என்று எச்சரித்திருந்தாள். அப்படியும் போட்டான். அவள் பாதி முகம் திரும்பி யாரையோ திட்டிக்கொண்டிருக்கும் படம். கீழே, ‘புன்னகை மாறாத நம் சகோதரி’.

இந்தக் கூட்டத்தில் அவள் சோதிக்காமல் நம்பியது ஒரே ஒரு ஆளைத்தான். அது அவள் வீட்டுக்காரர்.

அவரை ஏணி என்பார்கள். உயரமும் அப்படி, வேலைக்குச் சேர்ந்த புதிதில் மற்றவர்களுக்கு ஏணி பிடித்தே இரண்டு வருஷத்தை ஓட்டியதும் ஒரு காரணம். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. எல்லோரிடமும் நல்ல பெயர். அக்காவுக்கு நல்ல பெயர் எடுப்பவர்களைப் பார்த்தாலே ஆகாது. ஆனாலும் இவரைக் கட்டிக்கொண்டதற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அவள் டெஸ்டர் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் சுற்றி நின்றவர்கள் கண்ணடித்துக்கொள்வார்கள். ஏணி மட்டும் அவள் பார்த்து முடிக்கிற வரைக்கும் பேசாமல் நிற்பார். அது போதும் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. இருபத்து மூன்று வருஷம் அது போதுமானதாகத்தான் இருந்தது. ஒரு மகளைப் பெற்று, படிக்க வைத்து, வெளியூர் வேலைக்கும் அனுப்பியாகிவிட்டது.

இங்கே பூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய முதலாளி உருப்படியாகச் செய்த காரியங்களில் அது ஒன்று. லைனில் வேலை செய்யப் போகிறவர் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு தொங்கும். கடைசி ஆள் கையை எடுத்துவிட்டு வந்து தன் பூட்டைத் திறக்கிற வரைக்கும் அந்த மெயினை ஆண்டவனே வந்தாலும் போட முடியாது. ஒவ்வொரு பூட்டிலும் பெயின்ட்டால் பெயர் எழுதியிருக்கும்.

அக்காவுக்கும் ஏணிக்கும் கல்யாணமானபோது கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து ஒரு பெரிய பித்தளைப் பூட்டு வாங்கிக் கொடுத்தார்கள். இனிமேல் ரெண்டு பேருக்கும் ஒரே பூட்டு போதும் என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் எப்போதும் ஜோடியாகத்தான் வேலைக்குப் போவார்கள். ஏணி பூட்டைப் போடுவார், சாவியைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொள்வார். அக்கா தனக்கென்று ஒரு பூட்டு போட்டதே இல்லை. ஒவ்வொரு ஒயரையும் சந்தேகப்பட்டவள், இதைச் சந்தேகப்படவில்லை. விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்த தலைவரும் இதைக் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு இது கொஞ்சுகிற விஷயமாக இருந்தது. மடல்காரன் ஒரு தடவை இதை அரைப்பக்கம் எழுதி, ‘ஒரே பூட்டு, ஒரே உயிர்’ என்று தலைப்பும் போட்டான். ஏணி அதை வீட்டில் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு அவள் பூட்டு வாங்கப் போகவில்லை.

அந்த வருஷம் கம்பெனி தன் சொந்தக் கட்டிடத்துக்குக் குடிபோனது. ஊரில் பாதிக் கட்டிடங்களுக்கு லைன் இழுத்த கம்பெனி, தன் கட்டிடத்துக்கு இழுத்து முடிக்கவில்லை. வெளி வேலை என்றால் ஆள் வந்துவிடும். சொந்தக் கட்டிட வேலை என்றால் எல்லோரும் முதலாளிகள், வேலைக்காரன் ஒருத்தனும் கிடையாது. கீழ்த்தளத்தில் புதுச் சுவிட்ச் பேனலுக்குக் கேபிள் கொண்டுவந்து போட்டிருந்தார்கள், முனை சேர்க்கவில்லை. ஆறு மாதமாக அது அப்படியே கிடந்தது.

இந்த நேரத்தில்தான் ஆயிரமாவது நாள் வந்தது. வாசல் போர்டில் ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று எழுதி, அதற்குக் கீழே மடல்காரன் தினமும் காலையில் நம்பர் மாற்றுவான். அது தொள்ளாயிரத்தைத் தாண்டியதிலிருந்தே தலைவருக்குக் கால் தரையில் படவில்லை. ஆயிரம் அன்றைக்கு ஹாலில் விழா. மேலே 1000 என்று எழுதிய கேக். இருபத்தைந்து வருஷம் முடித்த மூன்று பேருக்கு மேடையில் சட்டம் போட்ட சான்றிதழ். அந்த மூன்று பேரில் ஏணியும் ஒருவர். ஒரு வாரமாகவே அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று, எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினால் நன்றாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அடுப்படியிலிருந்து, “எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே மூஞ்சிதாங்க,” என்றாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் எதற்குத்தான் கோபித்துக்கொண்டார்?

விழாவுக்கு வருகிறவர்கள் கட்டிடத்தைச் சுற்றிப் பார்ப்பார்களே, கீழ்த்தளம் இருட்டாக இருக்கிறதே என்று தலைவருக்கு அன்று காலை எட்டு மணிக்குத்தான் உறைத்தது. ஆறு மாதம் கிடந்த கேபிள் மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டும். மடல்காரன் பதிவேட்டில் ஏணி பெயரையும் அக்கா பெயரையும் எழுதினான்.

ஹாலுக்கும் கீழ்த்தளத்துக்கும் தரைத்தளத்தில் ஒரே மெயின். அதை அணைத்தால் ஹாலிலும் கரண்ட் போகும். அதனால் மேடைக்கு மட்டும் ஆபீஸிலிருந்து தற்காலிகமாக ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டு, ஏணி மெயினை அணைத்து, பித்தளைப் பூட்டைப் போட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். இரண்டு பேரும் பேட்டரி விளக்கோடு கீழே இறங்கினார்கள். அக்கா டெஸ்டர் வைத்துப் பார்த்தாள். ஏணி பக்கத்தில் பேசாமல் நின்றார். கேபிளைச் சீவி, முனைகளுக்குச் செப்பு லக் போட்டு அழுத்தி, ஒவ்வொன்றாகப் பேனலில் போல்ட் போட்டு முறுக்க ஆரம்பித்தார்கள். லக் என்றால் கம்பி முனையில் மாட்டுகிற செப்புக் கண். அதைக் கையில் பிடித்துத்தான் போல்ட்டில் கோர்க்க வேண்டும்.

பத்து நாற்பதுக்கு மடல்காரன் மாடிப்படியில் நின்று குனிந்து கூப்பிட்டான்.

“அண்ணே, வாங்கண்ணே. வரிசையில நிக்கணும். தலைவர் கேக்கறார்.”

ஏணி அக்காவைப் பார்த்தார். “நீ வரலையா?”

“நான் வந்து கை தட்டலைன்னா உங்களுக்கு இருபத்தஞ்சு வருஷம் ஆகாதா? போங்க. இன்னும் மூணு முனைதான். முடிச்சிட்டு வரேன்.”

“சட்டையில அழுக்கா இருக்கு பாரு.”

“திரும்பி நில்லுங்க,” என்று அவள் தன் துண்டால் அவர் முதுகைத் தட்டிவிட்டாள். அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிப் போனார். ஐம்பது வயதில் அவர் அப்படித் தாவி அவள் பார்த்ததில்லை.

முதல் முனையை முறுக்கினாள். இரண்டாவதையும் முறுக்கினாள். மூன்றாவதற்குப் போல்ட் கொஞ்சம் பெரிது, வேறு ஸ்பேனர் வேண்டும். லக்கைக் காற்றில் தொங்கவிட்டுவிட்டு, மூலையில் இருந்த பையைக் குடைய எழுந்து போனாள். அந்த நேரம் மேலே திடீரென்று கைதட்டல் கேட்டது. ஹாலே அதிர்கிற மாதிரி கைதட்டல், நாலைந்து விசில். ‘யாரோ ஏணியில் ஏறக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் போல’ என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஸ்பேனரோடு திரும்பி வந்து உட்கார்ந்தாள். இடது கையை லக்குக்கு நீட்டினாள். பூட்டு போட்டிருக்கிறது, சாவி அவர் கழுத்தில் இருக்கிறது, மூன்று நிமிஷத்துக்கு முன்னால் இதே இடத்தில்தான் கையை வைத்திருந்தாள். நாமெல்லாம் என்றால் தொட்டிருப்போம். அவளுடைய வலது கை அது பாட்டுக்குச் சட்டைப்பைக்குப் போனது. டெஸ்டரை எடுத்து லக்கின் மேல் வைத்தாள்.

சிவப்பாக எரிந்தது.

அவள் கையை இழுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்து தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முறுக்கி வைத்த இரண்டு முனைகளிலும் வைத்துப் பார்த்தாள். எரிந்தது, எரிந்தது. மேலே இன்னும் ஒரு தடவை கை தட்டினார்கள்.

மேலே நடந்தது இதுதான். கேமராவுக்கென்று இரண்டு பெரிய விளக்கு, மைக், இது போதாதென்று எவனோ ஒரு மகாபுத்திசாலி சொருகிய டீ கெட்டில், எல்லாம் அந்த ஒற்றைத் தற்காலிக ஒயரில். பட்டென்று கரண்ட் போய்விட்டது. நூற்றுச் சொச்சம் எலக்ட்ரீஷியன்கள் அரையிருட்டில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மெயினைப் போட்டால் ஹால் முழுக்க எரியுமே என்று ஒரு குரல். மடல்காரன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதில் ஏணி அண்ணன் பூட்டு தொங்குகிறது என்றான். ஏணி அண்ணன்தான் இதோ மேடையில் நிற்கிறாரே! பூட்டின் சொந்தக்காரர் மேலே இருந்தால் கீழே யார் இருக்கப் போகிறார்கள்? “அந்தச் சாவியக் கொஞ்சம் குடுப்பா,” என்று தலைவர் கையை நீட்டினார். ஏணி கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றிக் கொடுத்தார். கழற்றும்போது கலைந்த தலைமுடியை மறுபடி சரி செய்துகொண்டார். மடல்காரன் போய் மெயினைத் தூக்கினான். ஹால் பளிச்சென்று எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அக்கா படியேறி வந்து மெயினைப் பார்த்தாள். கைப்பிடி மேலே இருந்தது. பூட்டு வாயைத் திறந்துகொண்டு, சாவியோடு ஓரமாகத் தொங்கியது. அவள் கைப்பிடியைக் கீழே இழுத்தாள். ஹாலிலிருந்து நூறு பேர் ஒரே குரலில், “ஐயோ!” என்றார்கள். தன் உயிருக்கு வராத ஐயோ கேக் வெட்டுவதற்கு வந்ததே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. மெயினைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஹாலுக்குள் போனாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் எல்லா முகமும் தெரிந்தது. மேடையில் ஏணி சான்றிதழ்ச் சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்ததும் வாய் திறந்தது. அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது என்பதை அவள் கண்ணால் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“மெயினைப் போட்டது யாரு?” என்றாள்.

மடல்காரன் கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டான்.

“நான் கீழ லைன்ல கைய வெச்சுக்கிட்டு இருக்கேன். போட்டுட்டீங்க. போட்டுட்டுக் கையும் தட்டினீங்க. எனக்குக் கேட்டுது.”

தலைவர் மேடையிலிருந்து வேகமாக இறங்கி வந்தார். “அம்மா, பதறாதம்மா. உக்காரு, தண்ணி குடி. ஒண்ணும் ஆகலையே? நல்லபடியாத்தானே இருக்கே?”

“ஒண்ணும் ஆகலைன்னு நானே நடந்துவந்து சொன்னதாலதான் உங்களுக்கே தெரியுது.”

யாரோ பின்னால் சிரிக்கப் பார்த்து, நிறுத்திக்கொண்டார்கள்.

“விதி என்ன?” என்றாள் அக்கா. “ஆள் வேலை செய்யற லைன்ல பூட்டைத் திறந்தா, அடிபட்டாலும் படலைன்னாலும் நாள் கணக்கு பூஜ்யம். நீங்க எல்லாரும் கை தூக்கிப் போட்ட விதி. போர்டை மாத்துங்க. கேக்குக்கு ஒண்ணும் கவலை வேண்டாம், பூஜ்யம் அதுல ஏற்கெனவே மூணு இருக்கு. முன்னாடி நிக்கற ஒண்ணைச் சுரண்டினாப் போதும்.”

தலைவருக்கு முகம் சுருங்கியது. ஆனால் அவர் பழம் தின்று கொட்டை போட்டவர். பக்கத்து அறை லைனை அணைத்துவிட்டுச் சின்னத் தப்பு என்று சொல்லித் தப்பித்தவருக்கு இது எம்மாத்திரம்? அவர் குரலை இறக்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகப் பேசினார்.

“பூட்டை யாரும் உடைக்கலையேம்மா. பூட்டுக்குச் சொந்தக்காரர் தன் கையால சாவியக் குடுத்தார். நாங்க வாங்கினோம். இதுல விதிய மீறினது யாரு? உன் பூட்டு அதுல இருந்துதா? நீ உன் பூட்டைப் போட்டிருந்தா இந்தப் பேச்சே இல்லையே.”

அது உண்மைதான், அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இருபத்து மூன்று வருஷம் கண்டுகொள்ளாமல் கொஞ்சிவிட்டு இன்றைக்கு விதிப்புத்தகத்தைத் திறக்கிறான் பார் இந்த மனுஷன் என்று நினைத்தாள். இருந்தும் அந்தப் பூட்டைப் போடாமல் விட்டது தான்தான்.

“சரி. நான் பண்ணினது தப்பு. அதையும் எழுதுங்க. எழுதிட்டுப் பூஜ்யம் போடுங்க,” என்றாள்.

“நான் ஒருத்தன் எப்படிம்மா முடிவு பண்றது? நாம எல்லாருமே முதலாளிங்க,” என்று தலைவர் கையை விரித்தார். பிறகு ஹாலைப் பார்த்துத் திரும்பினார். “ஆயிரம் நாள். நாம எல்லாரும் சேர்ந்து கட்டினது. இன்னிக்கு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, கடவுள் புண்ணியம். இது விபத்து இல்லைன்னு நினைக்கறவங்க கை தூக்குங்க.”

முதல் வரிசையில் நாலைந்து கை உடனே எழுந்தது. அவை எப்போதுமே எழுந்திருக்கத் தயாராக இருக்கும் கைகள். பிறகு இரண்டாவது வரிசை. கொஞ்சம் தயங்கினவர்கள் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருப்பவன் தூக்கியிருந்தான். மடல்காரன் ஒரு கையில் கேமராவைப் பிடித்து மறு கையைத் தூக்கினான். இவர்களில் பலருக்கு அவள் வேலை கற்றுக்கொடுத்திருக்கிறாள், சிலருடைய தப்பைத் தலைவர் கண்ணில் படாமல் திருத்தி வைத்திருக்கிறாள். அது அவளுக்கு வலிக்கவில்லை. இவர்களிடம் அவள் என்றைக்கும் ஒன்றையும் எதிர்பார்த்ததில்லை. ஜால்ராக் கூட்டம், வேறென்ன செய்யும்.

அவள் பார்த்தது மேடையைத்தான்.

ஏணி நடுவில் நின்றார். அவர் தலைவரைப் பார்த்தார், ஹாலைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘என் பூட்டுதான், ஆனா அவ கீழ இருந்தா, நான்தான் மறந்துட்டேன்’ என்று ஒரே ஒரு வார்த்தை. சொல்லக்கூட வேண்டாம். கையைத் தூக்காமல் நின்றால் போதும். அவருக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை, ஏனென்றால் கையில் அந்தப் பெரிய சட்டம் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கை ஒழியவில்லை என்று சும்மா நின்றிருக்கலாம்.

அவர் சட்டத்தை மெதுவாகத் திருப்பி இடது அக்குளில் இடுக்கிக்கொண்டார். கண்ணாடியில் கீறல் விழாமல் ஒருமுறை சரி பார்த்துக்கொண்டார். பிறகு வலது கையைத் தூக்கினார். ஆள் உயரம், கையும் நீளம். ஹாலிலேயே உயரமான கை அதுதான்.

அக்கா சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினாள். கீழே போய், தான் முறுக்கிய இரண்டு முனைகளையும் கழற்றி, மூன்று முனைக்கும் டேப் சுற்றி, கருவிகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மேலே வந்து, சாவியை மேடை ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். அவள் வாசல் படி இறங்கும்போது மடல்காரன் போர்டுக்குப் பக்கத்தில் நின்று, ஆயிரம் என்ற நம்பரைத் துணியால் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தான்.

ஏணி சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தார். சட்டத்தை உள்ளே கொண்டுவரத் தைரியமில்லாமல் செருப்பு வைக்கும் இடத்தில் சுவரோரமாகச் சாய்த்துவிட்டு வந்தார். கேக் ஒரு துண்டு காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதை மேஜைமேல் வைத்தார்.

“மறந்துட்டேன்மா. சத்தியமா மறந்துட்டேன். இருட்டாப் போச்சு, எல்லாரும் கத்தறாங்க, தலைவர் கைய நீட்டறார். என்ன ஏதுன்னு யோசிக்காம குடுத்துட்டேன்.” அழவும் செய்தார். அந்த அழுகை பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

“சாவியக் குடுத்தது மறதி. சரி. மறதி யாருக்கும் வரும்,” என்றாள் அக்கா. “கையத் தூக்கினீங்களே, அப்ப நான் எதிர்லதானே நின்னேன். அதுவும் மறதியா?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எல்லாரும் தூக்கிட்டாங்க. நான் மட்டும் தூக்காம நின்னா நல்லாவா இருக்கும்?”

அவள் உலகத்தில் யாரையும் மதித்ததில்லை. தலைவரை, மடல்காரனை, பங்குப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியவனை, எல்லோரையும் அவள் வாய் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறது. இவரை மட்டும் தனியாக ஒரு பக்கம் நிறுத்தி வைத்திருந்தாள். இப்போது இந்த மனுஷனும் தானாக நடந்து போய் அந்த வரிசையின் கடைசியில் நின்றுகொண்டுவிட்டார். அவளுக்குக் கத்த வேண்டும்போல் இல்லை. மற்றவர்களைத் திட்டும்போது நாக்கில் ஊறுமே, அந்த ருசிகூட இல்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது. கேக்கை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் ஆபீஸில் மடல்காரன் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கம்போல் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஏணியின் பெயரை எழுதப் போனான். அக்கா பேனாவின் மேல் கையை வைத்தாள்.

“இனிமே அவரோட என்னைப் போடாதே. வேற யாரை வேணா போடு.”

மடல்காரன் அவளை அண்ணாந்து பார்த்தான். “சரிக்கா. ஆனா ஜோடி மாத்தினா காரணம் எழுதணுமே. என்னன்னு எழுதட்டும்?”

“நான் கீழ இருந்தேன்னு எழுது.”

அவன் பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு அழகான கையெழுத்தில், ‘குடும்பக் காரணம்’ என்று எழுதிக்கொண்டான்.